வீட்டு சர்வர்: ஒரே வாசல், மூன்று பிரதிகள்

2022 ஜனவரியில், க்யூநாப் சேமிப்புப் பெட்டிகளை வைத்திருந்த பலர் தங்கள் பெட்டியின் உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்தபோது பணம் கேட்கும் அறிவிப்பைப் பார்த்தார்கள். டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் பலவற்றில் யாரோ வெளியிலிருந்து கொடுத்த கட்டளையால் எல்லாமே அழிந்துபோனது. இரண்டு முறையும் மாட்டியவை இணையத்துக்கு நேராக முகம் காட்டிக்கொண்டிருந்த பெட்டிகள். கோப்புகளுக்கு வேறிடத்தில் பிரதி இருந்தவர்களுக்குச் சில நாள் வேலை போயிற்று. பிரதி இல்லாதவர்களுக்குப் பல வருடப் படங்கள் போயின.

வீட்டு சர்வரில் செய்யக்கூடிய வேலைகள் நூறு இருக்கும். இரண்டைத் தவறவிட்டால் மீதி எல்லாம் வீண்: வெளியிலிருந்து உள்ளே வர ஒரே ஒரு வாசல், தரவுக்கு மூன்று பிரதிகள். நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புச் சேமிப்பு), இம்மிச் (படத் தொகுப்பு), வால்ட்வார்டன் (கடவுச்சொல் பெட்டகம்) எதை நிறுவினாலும், முதல் உண்மையான கோப்பை ஏற்றுவதற்கு முன் இவை இரண்டும் முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகவே.

இயந்திரம்

சர்வர் 24 மணி நேரமும் ஓடும் என்பதால் முதலில் மின்சாரக் கணக்கைப் போடுங்கள். சும்மா இருக்கும்போது 10 வாட் இழுக்கும் மினி பிசி வருடத்துக்குச் சுமார் 88 யூனிட் எடுக்கும். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் 525 யூனிட் எடுக்கும். இன்டெல் என்100 சிப் கொண்ட சிறு பெட்டி ஒரு குடும்பத்துக்குத் தாராளம். வீடியோவை மாற்றி அனுப்பும் வேலையையும் அதன் கிராபிக்ஸ் பகுதியே பார்த்துக்கொள்ளும். நினைவகம் 8 ஜிபி போதும். இம்மிச்சில் முகம் அறிதல் வேண்டுமென்றால் 16 ஜிபி எடுங்கள்.

பழைய லேப்டாப்பையும் சர்வராக்கலாம். ஆனால் எப்போதும் 100 சதவீதத்தில் சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரி வீங்கக்கூடும். பயாஸில் (இயங்குதளம் எழும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) சார்ஜ் வரம்பை 80 அல்லது 60 சதவீதமாகக் குறைக்க வழி இருந்தால் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றிவிடுவதே நல்லது. மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி லினக்ஸின் லாகின்டி சேவைக்கான அமைப்பில் மூடிக்கான செயலை 'இக்னோர்' என்று மாற்றுங்கள்.

ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் எஸ்டி கார்டை நம்ப வேண்டாம். இடைவிடாமல் சிறிது சிறிதாகத் தரவை எழுதிக்கொண்டே இருந்தால் அது தேய்ந்துபோகும். யூஎஸ்பி 3 வழியாக ஒரு எஸ்எஸ்டியை இணைத்து, அதிலிருந்தே பூட் ஆக விடுங்கள். பவர் அடாப்டரில் கஞ்சத்தனம் கூடாது. மின்னழுத்தம் குறைந்தால் டிஸ்க் நடுவில் அறுந்து கோப்பமைப்பு கெடும்.

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையைத் தவிர்த்து சிஎம்ஆர் வகையை எடுங்கள். எஸ்எம்ஆர் தட்டில் தரவுத் தடங்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து வைக்க வேண்டும். ரெய்டில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறை) ஒரு டிஸ்க் போய்ப் புதியதைச் சேர்க்கும் நேரத்தில் இந்தத் தாமதம் உச்சத்துக்குப் போகும். டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று ரெய்டு அதை வெளியே தள்ளிவிடும் அளவுக்குப் போகும்.

புது டிஸ்க்கானாலும் தரவு வைக்கும் முன் ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும் வசதி) நீள் சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள். பெரிய டிஸ்க்கில் பல மணி நேரம் ஆகும், ஓடட்டும். முடிந்ததும் 5, 197, 198 ஆகிய எண்களின் (கெட்ட பகுதிகளின் கணக்கு) மூல மதிப்பைப் பாருங்கள். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 (தரவு கடக்கும் வழியில் வரும் பிழைகள்) மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக பயாஸில் ஒரு வேலை: மின்சாரம் திரும்ப வந்ததும் தானே இயங்கும்படி அமையுங்கள். வெளியூரில் இருக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

இயங்குதளமும் டிஸ்க்கும்

லினக்ஸ் வகையான டெபியன் ஸ்டேபிள் போடுங்கள், டெஸ்க்டாப் இல்லாமல். திரை, பிரவுசர், பிரின்டர் சேவை எதுவும் சர்வரில் வேண்டாம். இல்லாத மென்பொருளில் ஓட்டை இருக்க முடியாது. 'அன்அட்டெண்டெட் அப்கிரேட்ஸ்' தொகுப்பை நிறுவினால் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேரும். ஆனால் புது கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இறங்கினாலும், ரீபூட் செய்யும் வரை ஓடுவது பழைய கர்னல்தான். அதே அமைப்புக் கோப்பில் தானியங்கி ரீபூட்டை இயக்கி, அதிகாலை 4 மணி என்று நேரமும் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்க் முழுவதையும் லக்ஸ் என்ற லினக்ஸ் வசதி மூலம் மறையாக்கம் செய்ய ஆசை வரும். செய்தால் ஒவ்வொரு ரீபூட்டிலும் யாராவது கீபோர்டு முன் நின்று கடவுச்சொல் தட்ட வேண்டியிருக்கும். எங்கள் பரிந்துரை: இயங்குதள டிஸ்க்கைத் திறந்தே விடுங்கள், தரவு டிஸ்க்கை மட்டும் மறையாக்கம் செய்யுங்கள். மின்வெட்டுக்குப் பின் சர்வர் தானே எழும். நீங்கள் எங்கிருந்தாலும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாக வந்து தரவு டிஸ்க்கைத் திறக்கலாம். பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போனால் படங்களும் ஆவணங்களும் பூட்டியே இருக்கும். லக்ஸ் தலைப்பகுதியையும் ஒரு கோப்பாக எடுத்து வேறிடத்தில் வையுங்கள். அது வழக்கமாக 16 எம்பிதான். ஆனால் அது கெட்டால் கடவுச்சொல் சரியாகத் தெரிந்தும் டிஸ்க்கைத் திறக்க முடியாது.

இங்கே பலர் விழும் ஒரு குழி உண்டு, சற்று நின்று பார்க்கலாம். எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் தரவு டிஸ்க்குக்கு 'நோஃபெயில்' கொடுக்கவில்லை என்றால், டிஸ்க் கிடைக்காதபோது சர்வர் அவசர நிலையில் நின்றுவிடும். அதனால் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் வேறு ஆபத்து. டிஸ்க் இணையாமலேயே பூட் முடியும், சேவைகளைத் தனித்தனி அறைகளில் (கன்டெய்னர்களில்) ஓட்டும் டாக்கர் கிளம்பும், நெக்ஸ்ட்கிளவுட் தன் தரவு ஃபோல்டரைத் தேடும். அங்கே இருப்பது டிஸ்க் வந்து அமர வேண்டிய காலி ஃபோல்டர். அதையே தன் வீடு என்று நினைத்து அதில் எழுதத் தொடங்கும். சிறிய இயங்குதள டிஸ்க் நிரம்பும், பயனர்கள் 'என் கோப்பெல்லாம் எங்கே' என்பார்கள். பிறகு உண்மையான டிஸ்க் வந்து அமரும்போது, இடையில் எழுதியவை அதன் அடியில் மறைந்துபோகும்.

தீர்வு மிக எளிது. டிஸ்க்கை இணைப்பதற்கு முன், அந்தக் காலி ஃபோல்டரின் மேல் 'சிஹெச்ஆட்டர்' கட்டளையால் மாற்றமுடியாமை அடையாளத்தைப் போட்டுவிடுங்கள். டிஸ்க் இல்லாதபோது எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் பயனரால்கூட அங்கே எழுத முடியாது. சேவை பிழை காட்டி நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் நமக்கு வேண்டியது. டிஸ்க் அமர்ந்ததும் எல்லாம் வழக்கம்போல் நடக்கும்.

எஸ்எஸ்எச்: சாவி மட்டும்

இதை மட்டும் வரிசை மாறாமல் செய்யுங்கள். மாறினால் உங்களை நீங்களே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வீர்கள்.

1. உங்கள் லேப்டாப்பில் ஈடி25519 வகைச் சாவி ஒன்றை உருவாக்குங்கள். சாவிக்கும் ஒரு கடவுச்சொல் கொடுங்கள்.

2. பொதுச் சாவியை மட்டும் சர்வருக்கு நகலெடுங்கள். தனிச் சாவி லேப்டாப்பை விட்டு வெளியே போகக் கூடாது.

3. சாவியால் உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்த பிறகே அடுத்த படி.

4. எஸ்எஸ்எச்டி (சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் சேவை) அமைப்பில் கடவுச்சொல் உள்நுழைவுக்கும் ரூட் உள்நுழைவுக்கும் 'நோ' கொடுங்கள்.

5. சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். இப்போது திறந்திருக்கும் விண்டோவை மூடாமல், இன்னொரு விண்டோவில் புதிதாக நுழைந்து பாருங்கள். ஏதாவது பிசகினால் பழைய விண்டோதான் உங்களைக் காப்பாற்றும்.

நான்காம் படியில் ஒரு சிக்கல் வரும். உபுண்டு சர்வரில் அமைப்பு ஃபோல்டருக்குள் 'கிளவுட் இனிட்' பெயரில் ஒரு துணைக் கோப்பு கடவுச்சொல்லுக்கு 'யெஸ்' சொல்லிக்கொண்டிருக்கலாம். எஸ்எஸ்எச்டி ஒரே அமைப்பை இரண்டு இடத்தில் கண்டால் முதலில் படித்ததையே எடுத்துக்கொள்ளும். துணைக் கோப்புகள் முதலில் படிக்கப்படும். நீங்கள் பிரதான கோப்பில் எழுதிய 'நோ' அங்கே செல்லாது. ஆகவே கோப்பைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். எஸ்எஸ்எச்டி கட்டளையைப் பெரிய எழுத்து 'டி' (-T) விருப்பத்தோடு ஓட்டினால், நடைமுறையில் இருக்கும் அமைப்பை அச்சிடும். அதை நம்புங்கள்.

தவறான கடவுச்சொல்லால் திரும்பத் திரும்ப முயல்பவரைத் தடுக்கும் ஃபெயில்2பேன் வேண்டுமா என்று கேட்பார்கள். கடவுச்சொல்லை அடைத்து, எஸ்எஸ்எச்சை வெளியே காட்டாமலும் இருந்தால் அதற்கு வேலையே இல்லை.

ஃபயர்வாலும், டாக்கர் போடும் ஓட்டையும்

யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் உள்ளே வருவதை எல்லாம் மறுப்பது அடிப்படை விதி. பிறகு மூன்று விதிவிலக்குகள்: வீட்டு நெட்வொர்க் முகவரிகளிலிருந்து போர்ட் 22 (எஸ்எஸ்எச்), அதே முகவரிகளிலிருந்து போர்ட் 443 (இணையப் பக்கங்கள்), எங்கிருந்தும் யூடிபி 51820 (கீழே வரும் வயர்கார்ட்). கடைசியானதுதான் தலைப்பில் சொன்ன ஒரே வாசல்.

இதோடு வேலை முடிந்ததாக நினைப்பது தவறு. டாக்கர் கம்போஸ் கோப்பில் (எந்தக் கன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கோப்பு) போர்ட் வரியில் 8080:80 என்று எழுதினால், அந்த போர்ட்டை டாக்கர் எல்லா முகவரிகளிலும் திறக்கும். யூஎஃப்டபிள்யூ மறுத்திருந்தாலும் திறக்கும். காரணம் இதுதான்: யூஎஃப்டபிள்யூவின் விதிகள் சர்வருக்கே வந்து சேரும் பாக்கெட்டுகளைப் பார்க்கின்றன. டாக்கரோ பாக்கெட் வந்தவுடனே அதன் சேருமிடத்தைக் கன்டெய்னரின் முகவரியாக மாற்றிவிடுகிறது. அதன் பிறகு அது சர்வருக்கு வந்த பாக்கெட் இல்லை, சர்வர் வழியாக வேறிடம் போகும் பாக்கெட். யூஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் வாசலுக்கு அது வருவதே இல்லை. ஃபயர்வால் நிலையைக் கேட்டால் எல்லாம் அடைத்திருக்கிறது என்றே பதில் வரும்.

சரியான வழி, அந்த வரியை 127.0.0.1:8080:80 என்று எழுதுவது. அப்போது சர்வருக்குள்ளிருந்து மட்டுமே அந்த போர்ட்டை எட்ட முடியும். முன்னால் கேடி போன்ற ரிவர்ஸ் பிராக்ஸி ஒன்றை நேரடியாக சர்வரிலேயே நிறுவி, 443இல் வருவதை அதுவே உள்ளே பிரித்துக் கொடுக்கட்டும். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் போன்ற டேட்டாபேஸ்களுக்கு போர்ட் வரியே தேவையில்லை. ஒரே கம்போஸ் கோப்பிலுள்ள கன்டெய்னர்கள் பெயர் சொல்லியே ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோப்புகள் பலவற்றில் டேட்டாபேஸ் போர்ட்டும் திறந்திருக்கும். அந்த வரியை அழித்துவிட்டே பயன்படுத்துங்கள்.

எல்லாம் செய்த பிறகு, இன்னொரு கணினியிலிருந்து போர்ட்டுகளைச் சோதிக்கும் என்மேப் கொண்டு சர்வரின் எல்லா போர்ட்டுகளையும் தட்டிப் பாருங்கள். 22, 443 தவிர வேறெது திறந்திருந்தாலும் கம்போஸ் கோப்புகளுக்குத் திரும்புங்கள்.

கூடவே மூன்று சிறு விஷயங்கள். டாக்கருக்குக் கட்டளையிடும் வழியான டாக்கர் சாக்கெட்டை எந்தக் கன்டெய்னருக்கும் யோசிக்காமல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் சர்வரின் ரூட் அதிகாரத்தையே கொடுத்ததாகும். கன்டெய்னருக்கு அச்சாக இருக்கும் இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று போடாமல் பதிப்பு எண் போடுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் டேட்டாபேஸ் பெரிய பதிப்புக்குத் தாவி, பழைய தரவைப் படிக்க மறுக்கும். டாக்கரின் வழக்கமான லாக் கோப்புக்கு அளவு வரம்பு கிடையாது என்பதால், 10 எம்பி வீதம் 3 கோப்புகள் என்று கட்டுப்படுத்துங்கள்.

வெளியிலிருந்து உள்ளே: வயர்கார்ட்

ரவுட்டரில் முதலில் யூபிஎன்பியை அணையுங்கள். அது இயங்கினால் வீட்டிலுள்ள எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமல் போர்ட் திறந்துகொள்ளும். பழைய போர்ட் ஃபார்வர்டு விதிகளையெல்லாம் நீக்குங்கள். ஐபிவி6 இருந்தால் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று தனியாகப் பாருங்கள். ஐபிவி4இல் முகவரி மாற்றமே ஒரு திரைபோல் நிற்கும். ஐபிவி6இல் ஒவ்வொரு கருவிக்கும் நேரடி முகவரி, திரை கிடையாது.

பிறகு யூடிபி 51820ஐ மட்டும் சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். வெளியிலுள்ள கருவியை மறையாக்கம் செய்த டனல் வழியாக வீட்டோடு இணைக்கும் வயர்கார்ட் 2020 முதல் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. அதைப் பரிந்துரைக்க முக்கியக் காரணம் அதன் மௌனம்: சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது எந்தப் பதிலும் தராது. வெளியிலிருந்து துழாவுபவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

சர்வருக்கு டனலில் 10.66.0.1 என்று முகவரி கொடுங்கள். போனுக்கு 10.66.0.2, லேப்டாப்புக்கு 10.66.0.3. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி. ஒரே சாவியை இரண்டு கருவிகளில் போட்டால், கடைசியாகப் பேசியவர் பக்கம் சர்வர் திரும்பிக்கொள்ளும். இரண்டும் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும். போன் பக்கத்து அமைப்பில் அனுமதித்த முகவரியாக 10.66.0.1/32 மட்டும் எழுதினால், சர்வருக்குப் போவது மட்டும் டனலில் போகும், மற்ற இணையப் போக்குவரத்து நேராகப் போகும். வீட்டு நெட்வொர்க் முழுவதும் வேண்டுமென்றால் அந்த முகவரி வரம்பையும் சேர்த்து, சர்வரில் ஐபி ஃபார்வர்டிங்கையும் யூஎஃப்டபிள்யூவில் அதற்கான வழிவிடும் விதியையும் இயக்க வேண்டும். அப்படிச் செய்பவர்கள் வீட்டு வரம்பை 192.168.1.0இலிருந்து 192.168.73.0 போல மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் தங்கும் இடத்தின் வைஃபையும் 192.168.1.0 ஆக இருந்தால், பாக்கெட் எந்தப் பக்கம் போவது என்று குழம்பும். டனல் வழி வருபவர்களுக்கு 22, 443 இரண்டையும் யூஎஃப்டபிள்யூவில் அனுமதிக்க மறக்காதீர்கள்.

வேலை செய்யவில்லை என்றால் சர்வரில் வயர்கார்டின் நிலையைக் கேளுங்கள். 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' வரியே இல்லையா? சாவி மாறியிருக்கலாம், போர்ட் திருப்பப்படாமல் இருக்கலாம், அல்லது நீங்கள் சிஜிநாட்டுக்குப் (இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பது) பின்னால் இருக்கலாம். ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான வரம்பில் இருந்தால் சிஜிநாட்தான். எந்த போர்ட்டைத் திருப்பினாலும் பயனில்லை. ஐபிவி6 முகவரி வழியாக வாருங்கள், அல்லது டெயில்ஸ்கேல் போன்ற சேவையைப் பயன்படுத்துங்கள். அதுவும் உள்ளே வயர்கார்ட்தான். ஹேண்ட்ஷேக் இருக்கிறது, பிங் போகிறது, ஆனால் பக்கம் பாதியில் நிற்கிறது என்றால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1280 ஆக்குங்கள். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் வீட்டு ஐபி மாறியிருக்கும். மாறும் ஐபியை டொமைன் பெயரோடு சேர்த்துவைக்கும் டைனமிக் டிஎன்எஸ் புதுப்பித்திருந்தாலும் டனல் தொடங்கும்போது பார்த்த முகவரியையே போன் பிடித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

பிரவுசர் கேட்கும் பாதுகாப்புச் சான்றிதழுக்காக போர்ட் 80ஐத் திறக்க வேண்டியதில்லை. சொந்த டொமைன் இருந்தால் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்டின் டிஎன்எஸ் வழிச் சோதனை போதும். ஒவ்வொரு சேவைக்கும் தனிச் சான்றிதழ் வாங்காமல், டொமைனின் எல்லாத் துணைப் பெயர்களுக்கும் பொதுவான வைல்ட்கார்டு வாங்குங்கள். வழங்கும் சான்றிதழ்கள் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறுவதால், தனித்தனியாக வாங்கினால் நீங்கள் வைத்திருக்கும் சேவைகளின் பெயர்ப் பட்டியலை ஊருக்கே அறிவித்ததாகும்.

மூன்று பிரதிகள்

ரெய்டு பிரதி ஆகாது. தவறாக அழித்த ஃபோல்டரை அது அந்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அழிக்கும். சர்வரில் இருப்பது முதல் பிரதி, யூஎஸ்பி டிஸ்க்கில் இரண்டாவது, வேறொரு கட்டடத்தில் மூன்றாவது. மூன்றாவதற்கு உறவினர் வீட்டில் ஒரு சிறு பெட்டி போதும். வாடகை சேமிப்பகமும் ஆகும். பிரதி எடுக்கும் மென்பொருளான ரெஸ்டிக் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்தே அனுப்புவதால் அங்கே இருப்பவருக்கு எதுவும் புரியாது.

இரவு 3 மணிக்கு ஓடும் ஸ்கிரிப்ட் இந்த வரிசையில் இருக்கட்டும்: நெக்ஸ்ட்கிளவுடைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றுவது, டேட்டாபேஸின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கோப்பாக (டம்ப்) எடுப்பது, ரெஸ்டிக்கை ஓட்டுவது, பராமரிப்பு நிலையை நீக்குவது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாக வந்து திரும்பத் திறக்காமல் போகலாம். அதனால்தான் டம்ப். தினப்பிரதி 7, வாரப்பிரதி 4, மாதப்பிரதி 12 வைத்துக்கொண்டு மீதியைக் கழிக்கலாம்.

டம்ப்பை நேராக ஜிஜிப்புக்குள் (கோப்பைச் சுருக்கும் நிரல்) பைப் செய்பவர்கள் கவனிக்க: டம்ப் தோற்றாலும் ஜிஜிப் வெற்றி என்றே சொல்லும். பெயர் சரியாக இருக்கும், தேதி சரியாக இருக்கும், கோப்பின் அளவு மட்டும் 20 பைட். உள்ளே ஒன்றுமில்லை. பல மாதம் இப்படி வெறும் கோப்புகள் சேர்ந்துகொண்டே போகலாம். ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் பிழை வந்தால் நிற்கும் விருப்பத்தையும் 'பைப்ஃபெயில்' விருப்பத்தையும் போடுங்கள். டம்ப்பின் அளவு நேற்றையதில் பாதிக்கும் கீழே போனால் ஸ்கிரிப்ட் கூச்சலிடும்படி ஒரு வரி சேருங்கள்.

சர்வரைக் கைப்பற்றியவனிடம் பிரதிகளின் சாவியும் சேர்ந்தே போகும் என்பதை மறக்க வேண்டாம். வெளியிடப் பெட்டியில் ரெஸ்டிக்கின் ரெஸ்ட் சர்வரை 'அப்பெண்ட் ஒன்லி' நிலையில் ஓட்டுங்கள். அப்போது உங்கள் சர்வரால் புதிதாகச் சேர்க்க முடியும், பழையதை அழிக்க முடியாது. கழிக்கும் வேலையை அந்தப் பெட்டியிலேயே நேரடியாகச் செய்யுங்கள். யூஎஸ்பி டிஸ்க்குகள் இரண்டு வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிச் செருகினால் ஒன்று எப்போதும் இணைப்பில்லாமல் அலமாரியில் இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டுப் பாருங்கள். ரெஸ்டிக்கின் சரிபார்ப்பில் தரவின் 5 சதவீதத்தை உண்மையாகப் படிக்கச் சொல்லலாம், அது நல்லது. ஆனால் அது மீட்பு ஆகாது. ஒரு காலி விர்ச்சுவல் மெஷினில் பிரதியை இறக்கி, டேட்டாபேஸை ஏற்றி, சேவையை எழுப்பி, உள்ளே நுழைந்து, முதல் வருடத்துப் படம் ஒன்றையும் நேற்றைய படம் ஒன்றையும் திறக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது, எந்தக் கோப்பு விட்டுப்போனது என்று குறியுங்கள். முதல் முறையில் கட்டாயம் ஏதாவது விட்டுப்போயிருக்கும். பெரும்பாலும் கம்போஸ் கோப்பும் அதன் பக்கத்திலிருக்கும் சூழல் மாறிகள் கோப்பும்தான்.

கண்காணிப்பு

பிழை வந்தால் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு பாதி வேலை. சர்வரே செத்துவிட்டால் அனுப்ப ஆளில்லை. பேக்கப் முடிந்ததும் வெளியிலுள்ள ஒரு சேவைக்குத் தட்டிச் சொல்லவும், 26 மணி நேரத்தில் தட்டல் வராவிட்டால் அந்தச் சேவை உங்களை எழுப்பவும் அமையுங்கள். டிஸ்க் 85 சதவீதம் நிரம்பினால் ஒரு எச்சரிக்கை, ஸ்மார்ட் எண்கள் மாறினால் ஒரு எச்சரிக்கை. இதற்கு மேல் வேண்டாம்; தினமும் பத்து எச்சரிக்கை வந்தால் பதினொன்றாவதைப் படிக்க மாட்டோம்.

யூபிஎஸ்ஸை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, நட் மென்பொருள் மூலம் பேட்டரி தீரும் முன் சர்வர் ஒழுங்காக அணையும்படி செய்யுங்கள். ஈய அமில பேட்டரிகள் வழக்கமாக 3 முதல் 5 வருடம் தாங்கும். வாங்கிய தேதியைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒரு தாள்

லக்ஸ் கடவுச்சொல், ரெஸ்டிக் கடவுச்சொல், டொமைன் கணக்கின் மீட்புக் குறியீடுகள் இவற்றையெல்லாம் வால்ட்வார்டனில் மட்டும் வைப்பது பெரிய ஆபத்து. வால்ட்வார்டன் ஓடுவது அதே சர்வரில். சர்வர் போனால் பிரதியைத் திறக்கும் கடவுச்சொல் அந்தப் பிரதிக்குள்ளேயே பூட்டிக்கிடக்கும்.

இவற்றைக் கையால் ஒரு தாளில் எழுதுங்கள். பூஜ்யத்துக்கும் 'ஓ' எழுத்துக்கும், ஒன்றுக்கும் சிறிய 'எல்'லுக்கும் வேறுபாடு தெரியும்படி எழுதுங்கள். எழுதியதைப் பார்த்தே ஒருமுறை தட்டித் திறந்து சரிபாருங்கள். அதன் கீழே, சர்வரைப் பற்றி ஒன்றும் அறியாத வீட்டாருக்காக நான்கு வரி: பெட்டி எங்கே இருக்கிறது, எப்படி அணைத்துப் போடுவது, படங்களின் இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது, உதவிக்கு யாரைக் கூப்பிடுவது. தாளின் ஒரு நகல் வீட்டில் பத்திரங்களோடு, இன்னொன்று மூன்றாவது பிரதி இருக்கும் இடத்தில். கடவுச்சொல் எதையாவது மாற்றும் நாளிலேயே இரண்டு தாளையும் மாற்றிவிடுங்கள்.